புழுவுக்கு நட்ட கொடி

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா, பேரு மூக்காயி. ம் கொட்டு. கொட்டலேன்னா கதை நகராது. ஆங், அப்படி.

அவ அம்மா சாகும்போது ஒரு பிடி புடலை விதையக் கையில வச்சு, "இது நம்ம வீட்டு விதைடி, விட்டுறாத"ன்னாளாம். மூக்காயி புருசன் வீட்டுக் கொல்லையில பந்தல் போட்டு அத்தனையும் ஊனிட்டா. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. அவசரக்குடுக்கை!

கொடி ஏறுச்சு. அந்தி சாஞ்சா வெள்ளை வெள்ளையா பூ விரியும். ஆனா பிஞ்சு நிக்கல. பொத்து பொத்துன்னு உதிர்ந்துச்சு.

மாமனார் சங்கையா வந்து பாத்தாரு. "காய்க்காத கொடிக்கு எதுக்குப் பந்தல்? ஆடி முடியட்டும், பிரிச்சுட்டு மாட்டுக்கொட்டம் போடுறேன்"னாரு.

"காய்க்கும் மாமா"ன்னா மூக்காயி. கொடி போனா விதையும் போச்சே!

அப்புறம் அவ என்ன செஞ்சா? நேரா தேனீகிட்ட போனா. ரீங்ங்னு தும்பைப்பூவுல இருந்துச்சு அது.

"ஏன் என் பந்தலுக்கு வர மாட்டேங்கிற?"

"உன் பூ விரியுறப்போ நான் கூட்டுக்குப் போயிருவேன் தாயி. என் நேரம் வெயில் நேரம்."

அப்போ தேன்சிட்டுகிட்ட போனா. கீச் கீச்! அது வாழைப்பூவுல தொங்கிக்கிட்டே, "என் மூக்கு வளைவுக்கு இந்தப் பூதான் சரி. உன்னுது எனக்கெதுக்கு?"ன்னுச்சு.

ம்? முழிச்சிருக்கியா? காலை ஆட்டாத.

அப்புறம் வண்ணத்துப்பூச்சிகிட்ட போனா. படபடபட! "உன் பூவுல தேன் அடியாழத்துல கெடக்கு, எனக்கு நாக்கு எட்டலயே. முன்னொரு காலத்துல எல்லாரும் ஒரே பூவுக்கு அடிச்சுக்கிட்டோம் மூக்காயி. அப்புறம் ஆளுக்கொரு பூ, ஆளுக்கொரு நேரம்னு பிரிஞ்சுட்டோம். உன் பூவுக்குன்னு அந்திப்பூச்சி ஒருத்தன் வந்தான். பூ ஆழமாக ஆக அவன் நாக்கு நீண்டுச்சு, நாக்கு நீள நீள பூ இன்னும் ஆழமாச்சு. தலைமுறை தலைமுறையா ரெண்டும் சேந்தே வளந்துச்சு. இப்போ அவன் இல்லாம அது காய்க்காது."

"அவன் எங்க?"

"அவன் பிள்ளையத்தான் நீ தினம் செருப்பால நசுக்குறியே!"

ஆமாடி கண்ணு. பக்கத்துலயே சக்கரவள்ளிக்கெழங்குப் பாத்தி. அதுல பச்சைப் பசேல்னு, வால்ல கொம்பு வச்ச புழு. "கெழங்கைக் கெடுக்க வந்த சனியனே"ன்னு சதக் சதக்னு மிதிச்சவ இவதான்.

மூக்காயி தொப்புன்னு உக்காந்துட்டா. "அய்யோ, எங்கம்மா விதைய நானே கொன்னுட்டேனே!"ன்னு அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சா. அந்தப் பாத்தியில இலை இலையாப் பெரட்டுனா. ஒண்ணே ஒண்ணு, கடைசிக் கொடியில, கறுக் கறுக்னு தின்னுக்கிட்டிருந்துச்சு.

அதைப் பாத்துட்டு சங்கையா கம்பை ஓங்கிட்டாரு. மூக்காயி குறுக்க விழுந்தா. "இதை அடிச்சீங்க, நான் இந்த வீட்டுல ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்!"

"புழுவுக்காகவா?"

"புழுவுக்காகத்தான்!"

காக்கா கொத்தாம கூடையக் கவுத்து வச்சா. அது நகர நகரக் கூடையும் நகர்ந்துச்சு, பாத்தி முழுக்க மொட்டையாச்சு, கெழங்கு விரல் தண்டிகூட இல்ல. போகட்டும்னு விட்டா. பூச்சியா மாறப் புழு மண்ணுக்குள்ள எறங்குச்சு. யாரும் கொத்திறக் கூடாதுன்னு முள்ளு வெட்டிச் சுத்திப் போட்டா. பூ மட்டும் தினம் உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு, இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

ஒருநா அந்தியில... விர்ர்ர்ர்! சாம்பல் நெறத்துல ஒரு பூச்சி. பூவுல உக்காரவே இல்ல. அந்தரத்துல நின்னுக்கிட்டே சுருட்டின நாக்கை நீட்டி உறிஞ்சுச்சு. ஒரு பூ, அடுத்த பூ, அதுக்கடுத்த பூ. மூக்காயி மூச்சுக்கூட விடல.

ஆடி முடிஞ்சுது. சங்கையா அருவாளோட வந்தாரு. பந்தல்ல காய் தொங்குது!

"அட! பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாமே"ன்னாரு.

"கைய வச்சுத்தான் பாருங்களேன்!"

அது செவக்கச் செவக்கப் பழுத்து, வெடிச்சு, விதை அவ கைக்கு வந்துச்சு. அம்மா குடுத்ததைவிட நெறைய.

அடுத்த நடவுல அவ எடுத்ததும் விதைய ஊனல. முதல்ல வள்ளிக்கொடிய நட்டா. "கெழங்கு யாருக்குடி?"ன்னாரு சங்கையா.

"கெழங்குக்கு இல்ல மாமா. இலை, புழுவுக்கு."

அவரு போயி ஒரு குடம் தண்ணி கொண்டாந்து அந்தக் கொடிக்கு ஊத்துனாரு.

அம்புட்டுத்தான், கதை கரையேறிருச்சு. ம் சத்தத்தையும் காணோம்... தூங்கு ராசாத்தி.