ரயில்வே கேட்டின் கவலை

ஒரு ஊரில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. அதைத் திட்டாத வாய் அந்த ஊரிலேயே கிடையாது. ரயில் வரும்போதெல்லாம் அது கையை இறக்கிவிடும். பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் கடைத்தெரு நெடுக வரிசையாக நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ரோசலின் அவித்த கடலைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவாள். வெள்ளரி, கொய்யா, மல்லிகைப்பூ என்று மற்றவர்களும் ஓடுவார்கள். அவர்கள் வீட்டு அடுப்பெல்லாம் எரிந்தது அந்த நெரிசலில்தான்.

நகர்மன்றத் தலைவி சுகந்தி நல்ல மனுஷி. சோர்ந்து கிடந்த கடைத்தெருவைத் தூக்கி நிறுத்தியே தீருவது என்று கிளம்பினார். புது விளக்கு, புது நடைபாதை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மேம்பாலம். ஒருநாள் அவருடைய ஜீப்பும் கேட்டில் மாட்டிக்கொண்டது. ரோசலினிடம் வாங்கிய கடலையை உரித்து வாயில் போட்டபடியே, "இந்தச் சனியன் பிடிச்ச கேட் ஒழிஞ்சாத்தான் உங்க தெருவுக்கு விடிவு" என்றார்.

"ஆமாங்கம்மா, சீக்கிரம் செய்யுங்க" என்றாள் ரோசலின்.

கேட்டுக்குப் பகீரென்றது. அட பைத்தியக்காரி, உன் வயிற்றில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்கிறாயே என்று கத்த வாயெடுத்தது. ஆனால் பிரசவ வலியோடு ஆட்டோவில் ஒரு பெண் தன் முன்னால் துடித்தது அதற்கு மறக்கவில்லை. எந்த முகத்தோடு தன்னை விட்டுவைக்கச் சொல்லும்?

பக்கத்தில் தூண்கள் எழும்ப எழும்ப அதற்கு நிம்மதி போயிற்று. கடைசியில் வெட்கத்தை விட்டுப் பாலத்திடமே பேசியது.

"தம்பி, நான் போகிறேன், அது நியாயம்தான். ஆனால் இனி இந்தச் சனம் எதற்காக இங்கே நிற்கும்? அதை யாராவது யோசித்தார்களா?"

"நிற்காமல் போகத்தானே அக்கா என்னைக் கட்டுகிறார்கள்" என்று பாலம் சிரித்தது.

திறப்பு விழாவில் ரோசலின்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். கேட்டை இறக்கி ஒரேயடியாகப் பூட்டினார்கள். வண்டிகள் மேலே பறந்தன. கீழே புது விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, ஆளைத்தான் காணோம். ரோசலின் கூடையோடு பாலத்தில் ஏறிப் பார்த்தாள். ஹார்ன் அடித்தே விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்து, பூட்டிய கேட்டின் ஓரம் கூடையை இறக்கி உட்கார்ந்தாள்.

சில நாளில் பாலத்துக்கே என்னவோ போலிருந்தது.

"அக்கா, கீழே ஏன் சத்தமே இல்லை? இப்போது யாரும் காத்திருப்பதில்லையா?"

"ஒருத்தி காத்திருக்கிறாள்" என்றது கேட்.