நுரைக்கூட்டு அப்பன்

ஒரு ஊர்ல ஒரு வீடு, அந்த வீட்டுக் கூடத்துல ஒரு கண்ணாடித் தொட்டி, அந்தத் தொட்டிக்குள்ள ஒரு நீல ஃபைட்டர் மீன். சரியான முன்கோபக்காரன். கண்ணாடியில தன் உருவத்தைப் பார்த்தாக்கூட செவுளைச் சிலுப்பிக்கிட்டு சண்டைக்குப் போவான். கேக்குறியா? ம் சொல்லு.

அவன்கூட நகத்தளவுல நாலு கப்பி மீனுங்க இருந்துச்சு. அதுங்க பாட்டுக்கு ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் பொழைச்சுதுங்க. அப்புறம் அந்த வீட்டம்மா பொற்கொடி, அவனுக்கு ஒரு பொண்ணு மீனையும் கொண்டாந்து விட்டா. "இந்த ரவுடிக்கும் பொண்ணு பார்த்துட்டியா"ன்னு வீட்டுக்காரர் தணிகாசலம் கிண்டல் பண்ணாரு.

ஆனா அந்த ரவுடி என்ன பண்ணான் தெரியுமா? தண்ணியில மிதந்த காஞ்ச பாதாம் இலைக்கு அடியில புளுக் புளுக்னு நுரை ஊதி கூடு கட்டினான். கசகசா மாதிரி முட்டையெல்லாம் அந்த நுரைக்குள்ள.

அப்போதான் பயமும் வந்துச்சு. மொதல்ல அம்மா மீனே முட்டையைத் தின்ன வந்தா. சளார்னு விரட்டினான். பொற்கொடி அவளை எடுத்து வாளியில விட்டா. அப்புறம் கப்பிங்க நைசா வந்துச்சுங்க. அதுங்களையும் கிண்ணத்துல மொண்டு எடுத்தா. குஞ்சுங்க படுக்கைவாட்டுல நீந்த ஆரம்பிச்சதும் அப்பனையும் எடுத்துடணும், இல்லன்னா அவனே தின்னுடுவான்னு மீன் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தாரு. பொற்கொடி மனசுல தங்கினது கடைசிப் பேச்சு மட்டும்தான்.

ரெண்டாம் நாள் குஞ்சு பொரிச்சுது. நூல் துணுக்கு மாதிரி, வாலைக் கீழ விட்டு நுரையில தொங்குச்சுங்க. ஒண்ணு நழுவுச்சு. அவன் பாய்ஞ்சு வந்து லபக். இன்னொண்ணு, லபக். மூணாவது, லபக்.

பொற்கொடி அதைப் பார்த்துட்டா. "ஏங்க, பெத்தவனே முழுங்குறாங்க"ன்னா. டீ வடிகட்டியில அவனை அள்ளி ஜாடியில போட்டா.

அப்போ குஞ்சுங்க ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சுது. அடி மணல்ல விழுந்து துடிக்குதுங்க, மேல வரத் தெரியல. தூக்கிவிடலாம்னா இவ விரலே அதுங்களுக்கு உலக்கை. "முருகா, பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் பண்ண முடியலயே"ன்னு நின்னா.

தூங்கிட்டியா? இல்லையா, சரி கேளு.

அப்போ தணிகாசலம் ஜாடிக்கிட்டேருந்து மெதுவா சொன்னாரு, "இங்க வந்து இவன் வாயைப் பாரு."

அவன் வாயைத் தொறந்தான். ப்ளுக். ஒரு குஞ்சு. ப்ளுக். இன்னொண்ணு. ப்ளுக். மூணும் உசுரோட.

தின்னலடி அவன். கூட்டுக்குத் தூக்கிட்டுப் போகத்தான் வாயில வச்சிருந்தான்.

பொற்கொடி ஜாடியை அப்படியே தொட்டியில சாய்ச்சா. ஆனா மிரண்ட மீனு இப்போ நெசமாவே தின்னுட்டா? அவன் மூலையில போய் அசையாம நின்னான். இவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. "சாமி, என் தப்புக்கு அதுங்களைத் தண்டிக்காத."

கொஞ்ச நேரம் கழிச்சு அவன் மெதுவா கீழ எறங்கினான். ஒரு குஞ்சை வாயில எடுத்தான். எடுத்தவன் மேல போகல. அங்கயே நின்னான்.

அப்புறம் மேல போனான். நுரைக்குள்ள ப்ளுக்.

எல்லாம் பொழைச்சுதான்னு கேக்குற. இல்ல கண்ணு. சிலது மணல்லயே அடங்கிடுச்சு. அது தெரியாம அவன் அதுங்களையும் தூக்கிட்டுப் போய்க் கூட்டுல வச்சான். விழுந்துச்சு. மறுபடி வச்சான். பொற்கொடி கையை மடியில வச்சுக்கிட்டு, பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா.

மீனுக்கு இமை கிடையாது, கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கும். உனக்கு இருக்குல்ல, மூடு. கதை அவ்வளவுதான்.