முப்பதாவது சுற்று

ஆனைக்கல் காட்டில் சங்குமடு என்று ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் நாற்பது புள்ளிமான்கள் வாழ்ந்தன. முப்பத்தொன்பது மான்கள் நடந்து நடந்து புல் மேயும். நாற்பதாவது மான் மட்டும் புளியமரத்தடியில் நின்ற இடத்திலேயே நிற்கும். அவன் பெயர் தொப்பையன்.

அந்தப் புளியமரத்தில் ஒரு மந்தி குடியிருந்தது. பழத்தைக் கடிக்கும், பாதியைக் கீழே போடும். கீழே விழுவதெல்லாம் தொப்பையன் வாய்க்குள் போகும்.

மந்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. உச்சிக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பது. செந்நாயோ சிறுத்தையோ தெரிந்தால் "கக்! கக்!" என்று கத்தும். உடனே மான்கள் ஓடிவிடும். பதிலுக்கு, மந்தி கீழே இறங்கும்போது மான்கள் மோப்பம் பிடித்துக் காவல் இருக்கும். பரம்பரை பரம்பரையாக இதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு.

"அண்ணே, நாலு எட்டு நடந்து வந்து மேய்ந்தா என்ன?" என்று தங்கை செவலை கேட்பாள்.

"சாப்பாடு மேலேயிருந்து வருது. நான் எதுக்கு நடக்கணும்?" என்பான் தொப்பையன்.

பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. செந்நாய்கள் வரும்வரை.

ஒருநாள் காலையில் மந்தி கத்தியது. மான்கூட்டம் பறந்தது. தொப்பையனும் ஓடினான். இருநூறு அடி ஓடியதும் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. கண் இருட்டியது. கால் இடறி உருண்டு ஏரிக்குள் விழுந்தான். ஆழமான தண்ணீர். தலை மட்டும் வெளியே தெரிய நின்றுகொண்டான்.

அன்று கூட்டத்தில் இரண்டு மான்கள் போயின. உச்சிவேளையில் செந்நாய்த் தலைவன் வாயைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தான். ஏரிக்குள் நின்ற தொப்பையனைப் பார்த்துச் சிரித்தான்.

"பயப்படாதே தம்பி! வயிறு நிறைஞ்சிருக்கு. எங்க வித்தை என்னன்னு தெரியுமா? உங்களை மாதிரி வேகமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆனா மூணு மலை தாண்டியும் ஓடுவோம். ஒருத்தன் களைச்சா இன்னொருத்தன் முன்னால வருவான். துரத்தப்படுறவன் களைச்சுத் தானா விழுவான். அப்புறம் எங்களுக்கு வேலையே இல்லை. நீ என்னடான்னா இருநூறு அடியிலேயே விழுந்துட்டே!"

தொப்பையன் மூக்கு மட்டும் தெரியும்படி தண்ணீரில் இன்னும் அமிழ்ந்தான்.

"மழைக்கு முன்னால இன்னொரு தடவை வருவேன். அதுக்குள்ள கொஞ்சம் ஓடிப் பழகு. வேட்டைன்னா அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத் தலைவன் போய்விட்டான்.

தொப்பையன் தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தங்கையைத் தேடிப் போனான்.

"செவலை! எனக்கு ஓடக் கத்துக்கொடு. இல்லேன்னா நான் செத்தேன்!"

மறுநாளே ஓட்டம் தொடங்கியது. செவலை அவனை அவசரப்படுத்தவில்லை. முதல் வாரம் ஏரியைச் சுற்றி நடை மட்டும். அடுத்த வாரம் கால் சுற்று ஓட்டம், முக்கால் சுற்று நடை. ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தாகம் எடுத்தால் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். கால் வலித்தால் அன்று ஓட்டம் கிடையாது. புளியம்பழம் போதாது, பசும்புல் தின்ன வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் அவன் ஒரு சுற்று முழுதாக ஓடினான். ஓடி முடித்தபோது அவனுக்கே நம்ப முடியவில்லை. மேடு ஏறினால் மூச்சு இரைப்பது நின்றுவிட்டது. முன்பெல்லாம் சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். இப்போது நிதானமாக அடித்தது. படுத்தால் நல்ல தூக்கம் வந்தது. ரோமம் பளபளத்தது. தொப்பை இளைத்தது. பெயர் மட்டும் இளைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவன் மூன்று சுற்று ஓடினான். அதைப் பார்த்து மற்ற மான்களும் சேர்ந்துகொண்டன. மூட்டுப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்த வயதான மான்கள்கூட ஒரு சுற்று மெல்ல ஓடிவிட்டு, "அட, தேவலையே!" என்றன. சங்குமடுவில் அப்படியொரு நல்ல காலம் அதற்கு முன் வந்ததில்லை.

அந்த நல்ல காலத்தைக் கெடுத்தது மந்தியின் ஆர்வம்தான்.

ஒருநாள் மந்தி உச்சிக் கிளையிலிருந்து அடிக்கிளைக்கு இறங்கி வந்தது. "மாப்ளே! இத்தனை நாள் ஓடுறியே, எத்தனை சுற்றுன்னு யாராவது எண்ண வேண்டாமா?" என்று கேட்டது. தொப்பையன் ஒரு சுற்று முடித்தால் மந்தி ஒரு புளியங்கொட்டையைக் கிளையின் பொந்தில் போடும். "நாலு!" என்று கூவும். அடுத்த சுற்றுக்கு, "அஞ்சு!"

இந்தக் கூவல் தொப்பையனுக்குப் புளியம்பழத்தைவிட இனித்தது.

மயில்கள் பார்க்க வந்தன. காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்தன. "இன்னிக்கு எட்டு! நேத்து ஏழுதான்!" என்று மந்தி விவரம் சொன்னது. அதோடு ஒரு சட்டமும் போட்டது. "நடுவில் நின்னு தண்ணி குடிச்சா, அந்தச் சுற்று சேர்த்தியில்லை!"

தொப்பையன் தண்ணீர் குடிப்பதை விட்டான். ஓய்வு நாளை விட்டான். பத்து ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. வெயில் ஏற ஏற ஏரியும் வற்றிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு குட்டையும் அதைச் சுற்றிச் சேறும்தான் மிச்சம். ஏரி சுருங்கினால் சுற்றும் சுருங்கும். இதை மந்தி சொல்லவில்லை. தொப்பையனும் கேட்கவில்லை.

செவலை ஒருநாள் அவனை வழிமறித்தாள்.

"அண்ணே, முன்னங்கால் வீங்கியிருக்கு பார்!"

"ஓடினா சரியாயிடும்."

"உன் மூத்திரம் புளித்தண்ணி நிறத்துல போகுது. நான் பார்த்தேன். இது நல்லதுக்கில்லை!"

"புளியம்பழம் தின்னதால இருக்கும்!"

"நீ புளியம்பழம் தின்னு ஒரு மாசம் ஆச்சு!"

தொப்பையன் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினான். அன்றும் கால் நிற்கவில்லை. இரவில் அவன் நெஞ்சு தட்டுத் தடுமாறி அடித்தது. புல் இறங்கவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். மந்திதான் எண்ணுவதற்கு இருந்ததே, அது எண்ணியது கொட்டைகளை மட்டும்தான்.

"நீ எதுக்காக ஓட ஆரம்பிச்சே, நினைவிருக்கா?" என்று செவலை கேட்டாள். "செந்நாய் வரும்போது ஓடுறதுக்குக் கால் வேணும்னுதானே?"

"செந்நாயா? என்னைப் பிடிக்கிற செந்நாய் இனிமேல்தான் பிறக்கணும்! நாளைக்கு முப்பது சுற்று ஓடப்போறேன். காடே பார்க்க வருது. நீ மூணோட நின்னுக்கோ!"

மறுநாள் உச்சிவெயிலில் காடு கூடிவிட்டது. செவலை மட்டும் தள்ளிப்போய்க் காற்று வரும் பக்கம் மூக்கை வைத்து நின்றாள். மந்தி அடிக்கிளையில் மடி நிறையப் புளியங்கொட்டையோடு உட்கார்ந்திருந்தது. உச்சிக் கிளை காலியாக இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவன் ஒருவன் இருந்தான். செந்நாய்த் தலைவன், மேட்டுப் புதருக்குப் பின்னால், தன் ஆட்கள் பன்னிரண்டு பேருடன்.

"தலைவரே, போகலாமா?" என்று ஓர் இளைய செந்நாய் பரபரத்தது.

"உட்கார்! எங்கே போறே?"

"மான் எதிரிலேயே ஓடுதே!"

"ஓடட்டும். மூணு மலை துரத்தி ஒரு மானைக் களைக்க வைக்கணும். அதுதானே நம்ம பாடு? அந்தப் பாட்டை அவனே பட்டுக்கிட்டிருக்கான். எதுக்குத் தடுக்கிறே?"

பன்னிரண்டு செந்நாய்களும் நிழலில் படுத்து இளைப்பாறின.

"இருபது!" என்று மந்தி கூவியது. தொப்பையன் வாயில் நுரை. "இருபத்தஞ்சு!" அவன் கால் பின்னியது. மயில்கள் ஆரவாரம் செய்தன. "இருபத்தேழு!"

"இப்போ போகலாம்" என்று சொல்லித் தலைவன் எழுந்தான்.

முதலில் மோப்பம் பிடித்தவள் செவலைதான். குளம்பால் தரையை உதைத்து உரக்கக் கத்தினாள். கூட்டம் சிதறி ஓடியது. மூட்டுவலி மான்கள்கூடத் தாவிப் போயின. மந்தி கொட்டைகளைக் கொட்டிவிட்டு உச்சிக்கு ஏறியது. ஏறிய பிறகுதான் "கக்! கக்!" என்றது. அதற்குள் செந்நாய்கள் ஏரிக்கரைக்கு வந்துவிட்டன.

தொப்பையன் ஓட நினைத்தான். நெஞ்சு ஒருமுறை அடிக்க மறந்தது. வீங்கிய கால் மடங்கியது. அன்று காப்பாற்றிய தண்ணீருக்குள் போகலாம் என்று திரும்பினான். கரையோரம் தண்ணீர் இல்லை. சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றுவிட்டான்.

செவலை திரும்பி ஓடி வந்தாள். செந்நாய்களுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தாள். "என்னைப் பிடிங்கடா, பார்க்கலாம்!" என்று கத்தினாள். ஐந்து செந்நாய்கள் அவளைத் துரத்திக்கொண்டு போயின. அவள் ஒரு மலை தாண்டினாள். இரண்டாவது மலையும் தாண்டினாள். நாள் விட்டு நாள் மூன்று சுற்று ஓடிய கால், கேட்டதைக் கொடுத்தது. மூன்றாவது மலையடிவாரத்தில் ஐந்து செந்நாய்களும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

ஆனால் தலைவன் அவளைத் துரத்திப் போகவில்லை. மற்ற ஏழு பேரோடு நிதானமாக நடந்து சேற்றருகே வந்தான்.

"நான் இருபத்தேழு சுற்று முடிச்சிட்டேன்!" என்றான் தொப்பையன். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் வாயில் வந்தது.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றான் தலைவன். "அன்னிக்குத் தொப்பையோட இருநூறு அடி ஓடினே. இன்னிக்குப் பத்து அடிகூட ஓடலையே, தம்பி!"

செவலை திரும்பி வந்தபோது சேற்றில் கொம்பு மட்டும் கிடந்தது. அவள் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். மந்தி உச்சிக் கிளையிலிருந்து இறங்கவே இல்லை.

பத்து நாளில் மழை வந்தது. ஏரி நிறைந்தது. சங்குமடு மான்கள் மறுபடியும் காலையில் ஓடத் தொடங்கின. முன்னால் செவலை ஓடினாள்.

மந்தி மேலேயிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டது. "செவலை, இன்னிக்கு எத்தனை சுற்று?"

"தெரியாது. மூச்சு போதும்னு சொல்ற வரைக்கும். நீ செந்நாய் வருதான்னு பாரு!"

உடம்பைக் காப்பதற்காக ஓடத் தொடங்கியவன் அந்த உடம்பு சொல்வதைக் கேட்க மறந்தால், காக்க வந்த ஓட்டமே அவனைப் பகைவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.