முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

காட்டில் மழை இறங்கப் போகிற நேரம். ஓடைக்கரை வளைகள் எப்படியும் மூழ்கிவிடும். மேட்டில் ஒரே ஒரு குகைதான் காலி. அங்கே இருந்த கரடி வேறு காட்டுக்குப் போய்விட்டது.

அந்தக் குகைக்காக இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருத்தி அஞ்சலை என்ற முயல். அவளுக்கு மூன்று குட்டிகள், பிறந்து ஐந்தே நாள். இன்னொருவன் மாடசாமி என்ற முள்ளம்பன்றி. அவன் மனைவிக்கு இன்றோ நாளையோ பிரசவம் என்றிருந்தது.

"எதுக்குச் சண்டை?" என்று நடுவில் வந்தது ஒரு நரி. "நான் நடுவராக இருக்கிறேன். ஐந்து போட்டி. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ, குகை அவருக்கு!"

காடே வேடிக்கை பார்க்கக் கூடியது. ஓட்டம், தாவல், நீச்சல் மூன்றிலும் அஞ்சலைதான் முந்தினாள். ஓட்டத்தில் அவளுக்கு ஒன்பது. குழி தோண்டுவதில் மாடசாமி முந்தினான். கடைசியாகக் கல் உருட்டுதல். மாடசாமி பத்துக்குப் பத்து வாங்கினான். அஞ்சலைக்கு வெறும் இரண்டு. கல்தான் அவளை உருட்டியது!

குரங்குகள் கூட்டிப் பார்த்தன. அவளுக்கு முப்பத்தொன்று. அவனுக்கும் முப்பத்தொன்று!

"சமம் வந்தால் என்ன செய்வதென்று பேசவே இல்லையே!" என்று கூட்டம் கூச்சல் போட்டது.

"அதற்கெல்லாம் விதி இருக்கிறது. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்றது நரி.

முதலில் மாடசாமியைப் புதருக்குப் பின்னால் கூப்பிட்டது. "தனிப் போட்டியில் யார் பெரிய மதிப்பெண் எடுத்தார்கள் என்று பார்ப்பது ஒரு விதி. நீ பத்து எடுத்திருக்கிறாய். அவளுக்கு ஒன்பதுக்கு மேல் இல்லை. அதையே தீர்ப்பாகச் சொல்லட்டுமா? மழை முடியும்வரை குகையில் எனக்கும் ஒரு மூலை கொடு, போதும்!"

பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டது. "எத்தனை போட்டியில் யார் முந்தினார்கள் என்று பார்ப்பது ஒரு விதி. உனக்கு மூன்று, அவனுக்கு இரண்டு. அதைச் சொன்னால் குகை உனக்கு. பதிலுக்கு மூணு குட்டியில் ஒண்ணே ஒண்ணு!"

அஞ்சலைக்கு ரத்தம் கொதித்தது. விட்டால் ஒரே உதையில் நரியின் பல் கொட்டியிருக்கும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "என் விலை தெரிஞ்சுபோச்சு. எதிராளிக்கு என்ன விலை சொன்னீங்க?"

"சேச்சே! நான் அப்படிப்பட்ட ஆளா? மழை வருது, சீக்கிரம் சொல்லு!"

அஞ்சலை நேராக மாடசாமியிடம் போனாள்.

"அண்ணே, நரி உங்ககிட்ட என்ன கேட்டான்?"

மாடசாமி முள்ளைச் சிலிர்த்தான். "அதை எதுக்கு உன்கிட்ட சொல்லணும்?"

"என்கிட்ட ஒரு குட்டியைக் கேட்டான்."

சிலிர்த்த முள் அப்படியே படிந்தது. "குட்டியையா? என்கிட்ட குகையில ஒரு மூலைதானே கேட்டான்!"

"உங்க பிள்ளை பொறந்ததும் அதுக்கு முள்ளு மெத்துன்னு இருக்குமே அண்ணே. அவன் எதுக்காக அந்த மூலையில உட்காரப் போறான்?"

"என் பிள்ளையைத் தின்னவா?" என்று துள்ளி எழுந்தான் மாடசாமி. இருவரும் சேர்ந்து கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்கள்.

"நடுவரே! விதி எதுன்னு எல்லார் காதிலும் விழச் சொல்லுங்க!" என்றாள் அஞ்சலை.

நரி இழுத்தது. "அது... பெரிய மதிப்பெண் யாருக்கோ..."

"என்கிட்ட வேற சொன்னீங்களே!"

"ஆமாம், ஆமாம்... அதிகப் போட்டியில் முந்தியவர்..."

"டேய்!" என்றான் மாடசாமி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்கு ஒன்று கீழே விழுந்தது.

"சமம்னா சமம்தான்" என்றாள் அஞ்சலை. "எதுக்கு அதை முறிக்கணும்? கரடியையே தாங்கின குகை, நம்ம ரெண்டு குடும்பத்தைத் தாங்காதா? அண்ணே, நீங்க வாசல் பக்கம், நான் உள்பக்கம்."

"வாசல்ல சாரல் அடிக்குமே!"

"அதுக்குப் பதிலா மழை விடுற நேரமெல்லாம் நான் ஓடிப்போய்க் கிழங்கு கொண்டுவர்றேன். தினம் நாலு."

"ஆறு!"

"அஞ்சு. அதுக்கு மேல பேச்சில்லை!"

"சரி, தாயீ!"

மழை கொட்டத் தொடங்கியபோது எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். முதுகை வெளிப்பக்கம் திருப்பி, முள்ளை விரித்து, வாசலில் படுத்தான் மாடசாமி. நரி இரண்டு முறை வந்து மோப்பம் பிடித்தது. மூக்கில் இரண்டு முள்ளோடு, நனைந்துகொண்டே ஓடியது. உள்ளே மூன்று குட்டிகளும் பால் குடித்துவிட்டு உறங்கின. விடியும்போது புதிதாக ஒரு சின்ன முனகல் கேட்டது. அஞ்சலை எட்டிப் பார்த்தாள். மெத்தென்ற முள்ளோடு ஒரு குட்டி! அப்போதுதான் அவளும் காதைத் தொங்கவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

சமமாக நிற்கும் இருவர் நடுவில் ஒருவன் புகுந்து ஆளுக்கொரு விலை பேசினால், அவனிடம் பேரம் பேசாமல் எதிரில் நிற்பவரிடமே நேராகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.