ஒற்றைச் செருப்பு முதலாளி

காட்டோரம் ஒரு பாழடைந்த வீடு. ஆட்கள் ஊரைவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஓடெல்லாம் சரிந்து விழுந்துவிட்டது. ஆனால் அவர்கள் வைத்த செடிகொடி மட்டும் எங்கேயும் போகவில்லை! கிணற்றடியில் கொய்யா, சுவரோரம் கறிவேப்பிலை, வாசலில் கனகாம்பரம். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, உரம் போட ஆளில்லை. மழை பெய்தால் தளிர்க்கும், வெயில் அடித்தால் பொறுத்துக்கொள்ளும்.

கொய்யாக் கிளையில் ஒரு பழைய செருப்பு தொங்கியது. மரம் காய்க்காமல் அடம்பிடித்தபோது, அதற்கு ரோஷம் வரட்டும் என்று வீட்டுக்காரர் கட்டியது. ரோஷம் வந்ததோ என்னவோ, மரம் காய்த்தது. செருப்பை அவிழ்க்கத்தான் மறந்துவிட்டார்.

அந்த மரத்தில் ஓர் அணிலம்மா கூடு கட்டியிருந்தாள். மூன்று குட்டிகள். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

பங்குனி மாதம் ஒரு நாள் கொய்யா வாசனை பிடித்து ஒரு நரி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கயிறு இற்றுப்போய், செருப்பு அதன் தலையில் 'தொப்'பென்று விழுந்தது. நரிக்கு வலி வரவில்லை, யோசனை வந்தது! செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வாசலில் வந்து நின்றது.

"எல்லாரும் கேளுங்க! வீட்டுக்காரர் செருப்பு என் காலில்! இனிமேல் நான்தான் முதலாளி! பழமெல்லாம் எனக்கு! மரத்தில் குடியிருக்கிறவங்க நாளைக்குள்ள காலி பண்ணணும்!"

"இன்னொரு செருப்பு எங்கே முதலாளி?" என்று கேட்டது கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு மைனா.

"அது... அது பூஜை அறையில் இருக்கு!"

"பூஜை அறையில் செருப்பா!" மைனா சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து வழுக்கிவிட்டது.

அணிலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் திறக்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒரு நிமிஷம் யோசித்தாள். குடுகுடுவென்று கீழே இறங்கினாள்.

"வாங்க முதலாளி, வாங்க! உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். செடிக்குத் தண்ணி ஊத்த ஆளே இல்லை பாருங்க!"

"நான் ஏன் ஊத்தணும்?"

"தண்ணி ஊத்துறவர்தானே முதலாளி! சும்மா தின்னுட்டுப் போறவருக்கு எங்க பக்கம் வேற பேரு."

"என்ன பேரு?"

"திருடன்!"

நரிக்கு மானம் போய்விட்டது. "நான் ஊத்துறேன்!" என்றது.

ஓர் ஓட்டைச் சட்டியை வாயில் கவ்விக்கொண்டு குட்டைக்கு ஓடியது. திரும்பி வருவதற்குள் தண்ணீரெல்லாம் ஒழுகிவிட்டது. மறுபடி ஓடியது. மறுபடி ஒழுகியது. ஐந்தாம் நடையில் அரைச் சட்டி தேறியது.

"முதல்ல வாசல் கனகாம்பரத்துக்கு ஊத்துங்க முதலாளி! நல்லாக் குனிஞ்சு!" என்றாள் அணிலம்மா. கனகாம்பரத்தில் காய்ந்த காய்கள் கொத்துக் கொத்தாக நின்றன. அதன்மேல் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

நரி குனிந்து ஊற்றியது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தது.

பட்! பட் பட்! படபடபட!

காயெல்லாம் வெடித்தது. விதையெல்லாம் நரியின் மூக்கில் தெறித்தது.

"ஐயோ! சுடுறாங்க! முதலாளி திரும்பி வந்துட்டார்!"

"நீங்கதானே முதலாளி!" என்று கத்தியது மைனா.

"நானா? நான் வழியோட போனவன்! இந்தச் செருப்புகூட என்னோடது இல்லை!"

செருப்பை உதறிவிட்டு நரி எடுத்தது ஓட்டம்.

அடுத்த மழைக்கு, விதை தெறித்த இடமெல்லாம் கனகாம்பரம் முளைத்தது. ஒரு கன்று செருப்பின் ஓட்டை வழியாகவே எட்டிப் பார்த்தது. கண் திறந்த குட்டிகள், "அம்மா, இதெல்லாம் யார் வச்ச செடி?" என்று கேட்டன.

"எல்லாம் நம்ம முதலாளி வச்சதுதான்!" என்றாள் அணிலம்மா.

நீதி: அதிகாரத்தை மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறவர், ஆபத்து என்று வந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்.