அச்சேறாத உத்தரவு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் மேனேஜர் பரமசிவம் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வைத்தார். அன்றிலிருந்து நாலு வரி அடிப்பதற்குள் அது படுத்துவிடும். டைப் அடிக்கும் இசக்கியம்மாள் எதையெதையோ செய்து பார்த்து ஓய்ந்துபோனாள்.

"பழசையே திரும்பப் போட்டுருவோம் சார்."

"புதுசுல ஒரு குறையும் இல்ல. உன் கைதான் சரியில்ல. இன்னையோட நின்னுக்கோ!"

"நின்னுக்கிடுதேன் சார். அச்சடிச்ச உத்தரவுலதான முதலாளி கையெழுத்துப் போடுவாரு? என் கை படாம நீங்களே அடிச்சுக் குடுங்க."

மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அவள் பெயரை அடித்ததும் கம்ப்யூட்டர் படுத்தது. மறுபடி அடித்தார், மறுபடியும் படுத்தது. ஆபீஸே வாயைப் பொத்திச் சிரித்தது.

"இருந்து தொலை" என்றார். பழசைப் போட மட்டும் சம்மதிக்கவில்லை.

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் எல்லோருடைய சம்பளப் பட்டியலையும் அதில்தான் அடித்தாக வேண்டும்.