நாப்பத்திரெண்டு பட்டமும் ஒரு தட்டு பணியாரமும்

ரொம்ப ரொம்ப முன்னாடி, ராசாக்களுக்கு வேலை கம்மியும் மீசை ஜாஸ்தியுமா இருந்த காலம். ஆவாரங்கோட்டைன்னு ஒரு நாட்டை மகுடபூபதின்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுசன். ஆனா காலையில ஒரு ஆசை வந்தா சாயங்காலத்துக்குள்ள அது சட்டமாயிடும்.

ஒரு நாள் வேட்டைக்குப் போன இடத்துல சொர்ணக்கிளின்னு ஒரு பொம்பள சுட்ட இனிப்புப் பணியாரத்தைத் தின்னாரு. அவ்வளவுதான். "ஊரே இதைத் திங்கணும்!"னு சந்தையில அரண்மனைப் பணியாரக் கடை திறந்து, சொர்ணக்கிளியைக் கல்லுக்கு முன்னாடி உக்கார வச்சுட்டாரு. கூட்டம்னா கூட்டம்! சாயங்காலம் காலிப் பானை அரண்மனைக்கு வந்து சேரும். அதைத் தட்டிப் பாத்து "டொங்"குனு கேட்டாத்தான் ராசாவுக்குத் தூக்கம் வரும்.

இது மந்திரி அட்சயலிங்கத்துக்குப் பொறுக்கல. அவரோட மச்சினன் தொந்தியப்பன் வேலைவெட்டி இல்லாம வீட்டுல கெடக்கான், எவளோ ஒருத்தி ராசா வாயில பேரு வாங்குறாளேன்னு வயித்தெரிச்சல். "ராசா, கடையை நான் மேம்படுத்துறேன்"னு கிளம்புனாரு. ஒரே நாள்ல மூணு மாத்தம். கடைக்குப் பச்சை வர்ணம். வெல்லத்துக்குப் பதிலா கருப்பட்டி. அப்புறம், ஒவ்வொரு தட்டு நீட்டுறதுக்கு முன்னாடியும் கட்டியக்காரன் நின்னு ராசாவோட நாப்பத்திரெண்டு பட்டத்தையும் முழுசாச் சொல்லணும்.

மறுநாளே பானை நிறைய பணியாரம் திரும்பி வந்துச்சு. அடுத்த நாளும். யானைக்குப் போட்டாங்க, யானையே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

"என்னய்யா இது?"ன்னு ராசா குதிச்சாரு.

"அவ கைராசி போச்சு ராசா. என் மச்சினன் கையிருக்கே..."

"நாளைக்கே அவ நாட்டை விட்டுப் போகட்டும்! கல்லு இங்கயே இருக்கட்டும்!"

சொர்ணக்கிளி ஓடி வந்தா. "ராசா, என் பொழப்பே அந்தக் கல்லுதான். ஒரே ஒரு கேள்வி. மாவு சரியாப் பொங்கலன்னா நான் உளுந்து, உப்பு, தண்ணி மூணையும் ஒரே நாள்ல மாத்துனா, எது கெடுத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"மந்திரி மூணு மாத்துனாரு. நான் ஒரு நாளைக்கு ஒண்ணை மட்டும் பழையபடி வைக்கிறேன். மத்ததை அப்படியே விட்டுடுறேன். மூணு நாள் குடுங்க. குத்தம் என் கையிலதான்னா நானே கிளம்பிடுறேன்."

முதல் நாள் பச்சை வர்ணத்தைச் சுரண்டுனா. பானை நிறைஞ்சே வந்துச்சு. ரெண்டாம் நாள் திரும்பப் பச்சையடிச்சு, கருப்பட்டியை எடுத்துட்டு வெல்லம் போட்டா. அப்பவும் நிறைஞ்சே வந்துச்சு. பாக்கி ஒண்ணுதான்.

"பட்டத்தை நிறுத்தப் போறியா?" மந்திரி பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாரு. "ராசதுரோகம்மா அது! தலை போயிடும்."

"ஐயோ சாமி, நான் நிறுத்துவேனா? நாளைக்குப் போட்டி வைங்க. திரைக்குப் பின்னாடி நானும் உங்க மச்சினனும் சுடுறோம். எது யாரு சுட்டதுன்னு ராசாவுக்குச் சொல்லக்கூடாது. சொல்லிட்டா நாக்கு தீர்ப்பு சொல்லாது, மனசுதான் சொல்லும்."

மறுநாள் சபை கூடுச்சு. திரைக்கு வெளியில முதல் தட்டு வந்துச்சு. கட்டியக்காரன் தொண்டையைக் கனைச்சான். "ராசாதி ராச, ராசமார்த்தாண்ட, புலிக்கு மீசை பிடுங்கிய..." நாப்பத்திரெண்டையும் முடிக்கறதுக்குள்ள ரெண்டு அமைச்சருங்க தூங்கிட்டாங்க. ராசா கடிச்சாரு. "பல்லு! என் பல்லு! கோலிகுண்டா இது?"

"அவ சுட்டது ராசா!" மந்திரி துள்ளுனாரு. "வாசனையிலயே கண்டுபிடிச்சுட்டேன்!"

ரெண்டாவது தட்டு வந்துச்சு. கட்டியக்காரன் "ராசா..."ன்னு வாயைத் தொறந்தான். திரைக்குப் பின்னாலேர்ந்து ஒரு குச்சி நீண்டுச்சு. நுனியில சுடச்சுட ஒரு பணியாரம். நேரா அவன் வாய்க்குள்ள! "ஊ... ஊஊ..." அதுக்கு மேல அவனால பேச முடியல. ராசா அதுக்குள்ள எடுத்துக் கடிச்சுட்டாரு. ஓரம் மொறுமொறு, உள்ள பஞ்சு. "அடடா! அடடடா!"

"என் மச்சினன் கை ராசா அது!"

"திரையை விலக்கு!"ன்னாரு ராசா.

விலக்குனா, தொந்தியப்பன் மாவு மூட்டை மேல சாஞ்சு குறட்டை விட்டுக்கிட்டிருக்கான். அவன் அடுப்பு பத்தவே இல்ல. சத்தம் கேட்டு எழுந்து, "அத்தான், போட்டி ஆரம்பிச்சாச்சா?"ன்னான்.

சொர்ணக்கிளி கையைக் கட்டிக்கிட்டு நின்னா. "எழுந்திருப்பாருன்னு பாத்தேன் ராசா. எழுந்திருக்கல. ரெண்டு தட்டும் நான் சுட்டதுதான். அதே மாவு, அதே கல்லு, அதே அடுப்பு. மாறுனது ஒண்ணே ஒண்ணு. முதல் தட்டு உங்க பட்டம் முடியறவரைக்கும் காத்துக் கிடந்து, ஆறிப்போயி இறுகிடுச்சு."

ராசா மீசை துடிச்சுச்சு. "அப்போ... என் புகழ்தான் என் கடையைக் கெடுத்துச்சுங்கிறியா?"

"புகழ் இல்ல ராசா. அதோட நீளம்."

ராசா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு பாருங்க, கிரீடம் உருண்டு போயி வாசல்ல நின்ன யானை காலடியில விழுந்துச்சு. ஆனா மனுசன் உஷாரு. "ஒரு தட்டை வச்சு நம்பமாட்டேன். மத்ததைத் தொடாதே. கட்டியத்தை மட்டும் நிறுத்திக் கடையில காட்டு"ன்னாரு. அவளும் காட்டுனா. சாயங்காலம் பானை வந்துச்சு. தட்டுனாரு. "டொங்!"

கல்லும் கடையும் இனி உனக்கேன்னு சொர்ணக்கிளிக்கு அப்பவே எழுதிக் குடுத்துட்டாரு.

அதோட விட்டாரா? ராசாவுக்கு இந்த வித்தை ரொம்பப் புடிச்சுப் போச்சு. அரண்மனையிலயும் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. முதல் நாள் மந்திரி அட்சயலிங்கத்தை வீட்டுல உக்கார வச்சுப் பாத்தாரு. நாடு அதுபாட்டுக்கு ஓடுச்சு. மறுநாள் அவரைத் திரும்பக் கூப்பிடணுமாம். அது யாருக்குமே ஞாபகம் வரல.